டிகிரி வாங்குவது பி ஷிஃப்ட்டில்

“படிக்க நேரமே இல்லை சார்.” வாலாஜாபாத் பேருந்து நிலையத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் என்னிடம் சொல்வதில் பாதி இதுதான். நேரம் இருக்கிறது தம்பி. கணக்குப் போட்டுப் பார். வேலை எட்டு மணி நேரம், போக வர இரண்டு மணி நேரம், தூக்கம் ஏழு மணி நேரம். இன்னும் ஏழு மணி நேரம் மிச்சம். குளியல், சாப்பாடு, கடை கண்ணி எல்லாம் போனாலும் மூன்று மணி நேரம் தேறும். அந்த மூன்று மணி நேரத்தில் புத்தகத்தைத் திறந்தால் நாலாம் வரியிலேயே கண் செருகிவிடுகிறது, அதுதான் உன் பிரச்சினை. உன்னிடம் இல்லாதது தெம்பு. தெம்பு இல்லாதவன் நேர அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டி என்ன பயன்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மெயின்டனன்ஸில் மூன்று ஷிஃப்ட்டும் பார்த்தவன் நான். நடுவில் அஞ்சல் வழியில் எம்.பி.ஏ.வும் முடித்தேன். இப்போது ஓய்வு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்ல ஆள் நிறைய உண்டு. விடியற்காலையில் எழுந்திரு, செல்போனைத் தூக்கிப் போடு, மனசு வைத்தால் மலையையும் பெயர்க்கலாம் என்பார்கள். சொல்கிறவர் யாரும் வைகாசி மாசத்தில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு, தகர ஷீட் போட்ட வாடகை அறையில் பகலில் தூங்கிப் பார்த்தவராக இருக்க மாட்டார். 

முதலில், எதற்காகப் படிக்க வேண்டும்? சம்பளம் உயரும் என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் வந்தபோது இந்த வட்டாரமே கொண்டாடியது. 2014 நவம்பரில் ஆலை நின்றபோது ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வெளியே வந்து நின்றார்கள், பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பெண்கள். போர்டில் பாகம் பொருத்தத் தெரிந்த கை அந்த நாளில் அடுத்த கேட்டுக்குப் போய் என்னவென்று சொல்லிக்கொள்ளும்? மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2022-இல் கார் உற்பத்தி நின்றது. இங்கே கம்பெனி வரும், போகும், பெயர் மாறும். அன்றைக்கு உன் கையில் உன் பெயர் போட்ட ஒரு தாள் இருந்தால் நல்லது.

வேலையோடு படி என்று சொன்னவுடனே சிலர் ராமனையும் ராமானுஜனையும் இழுத்து வருவார்கள். சர் சி.வி. ராமன் 1907 முதல் பத்து ஆண்டு நிதித் துறை அதிகாரி, பெரும்பகுதி கல்கத்தாவில். ஆபீசுக்கு முன்னும் பின்னும் பவ்பஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்தார். ராமானுஜன் 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்குப் பிரிவு குமாஸ்தா, மிச்ச நேரத்தில் கணிதம். பெரிய மனிதர்கள், கும்பிடுகிறேன். ஆனால் அவர்கள் ஆபீஸ் தினமும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூடியது. உட்கார நாற்காலி இருந்தது. ஒரு வாரம் காலை ஆறு மணிக்கும் அடுத்த வாரம் இரவு பத்து மணிக்கும் கணக்குப் பிரிவுக்கு வா என்று ராமானுஜனை யாரும் கூப்பிடவில்லை. சுழற்சி ஷிஃப்ட்டில் நிற்கிறவனுக்கு அவர்களுடைய தினசரி ஒழுங்கு ஒத்துவராது. உனக்கு வேண்டியது வாராந்தர ஒழுங்கு.

இனி ஷிஃப்ட்டுக்கு வருகிறேன். பெரும்பாலான கம்பெனியில் ஆறு-இரண்டு, இரண்டு-பத்து, பத்து-ஆறு. ஏ, பி, சி என்று வாரம் ஒன்றாய்ச் சுற்றும். சில இடத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாறும். உன் கம்பெனியில் எப்படியோ, மூன்றையும் தனித்தனியாகப் பார்.

ஏ ஷிஃப்ட் வாரம் ஏமாற்று வாரம். மதியம் மூன்றரைக்கே வீட்டில் இருப்பாய். சாயங்காலம் முழுக்கக் கையில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து ஓடியவன் நீ. மூன்றரை மணிக்கு மண்டை காய்ந்துபோய் வருவாய். வந்தவுடனே புத்தகத்தைத் தொடாதே. தலையோடு குளி, சாப்பிடு, அரை மணி நேரம் படு. அதற்குமேல் படுத்தால் இரவுத் தூக்கம் கெடும். ஆறரைக்கு உட்கார்ந்தால் எட்டு மணி வரை ஒன்றரை மணி நேரம் ஓடும். அதில் படித்ததைத் திரும்பப் பார்க்கலாம், கேள்வித்தாளை வைத்துக்கொண்டு விடை எழுதிப் பழகலாம். ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். 

சி ஷிஃப்ட் வாரத்தில் படிக்கவே படிக்காதே. இதைச் சொன்னால் பிள்ளைகள் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதன் மரபணு இயக்கத்தைக் கண்டு சொன்னதற்காகத்தான் 2017-இல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்தை ஒரு வாரத்தில் திருப்பி வைக்க முடியாது. இரவு மூன்று மணிக்கு உடம்பு தூங்கப் பார்க்கும், நீ நிமிர்த்தி வைக்கிறாய். பகல் பத்து மணிக்கு அது விழித்திருக்கப் பார்க்கும், நீ படுக்க வைக்கிறாய். அந்த இழுபறியில் புதுப் பாடம் ஏறாது. அசைன்மென்ட்டைச் சுத்தமாக நகல் எடுப்பது, பழைய கேள்வித்தாள்களை வருஷ வாரியாக அடுக்குவது, பணம் கட்டும் கடைசித் தேதியைப் பார்ப்பது என்று கை வேலை மட்டும் வைத்துக்கொள். டீ விஷயம் ஒன்று. சி ஷிஃப்ட்டில் இரண்டு மணிக்குமேல் டீ குடித்தால், அதில் இருக்கும் காஃபினில் பாதி நீ காலையில் படுக்கும்போதும் ரத்தத்தில் இருக்கும். 

பி ஷிஃப்ட் வாரம்தான் உன் வாரம். இரவு பதினொன்றேகாலுக்கு வந்து பன்னிரண்டுக்குப் படு. ஏழு மணிக்கு எழு. ஏழரை முதல் பத்தரை வரை, வெயில் ஏறுவதற்குள், தூங்கி எழுந்த மூளையோடு மூன்று மணி நேரம். புதுப் பாடம், கணக்கு, புரியாத அத்தியாயம் எல்லாவற்றையும் இந்த வாரத்துக்கு ஒதுக்கி வை. இந்த வாரத்தில் உறவுக்காரர் வீட்டு விசேஷம், ரேஷன் கடை, வண்டி சர்வீஸ் எதையும் காலையில் வைக்காதே. வீட்டில் அம்மாவிடமோ மனைவியிடமோ இதை முதலிலேயே சொல்லிவிடு. பகலில் வீட்டில் இருக்கும் ஆளைச் சும்மா இருக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

வருஷத்துக்குப் பதினேழு பி வாரம் வரும். கோடையில் மூன்றைக் கழி, தீபாவளி பொங்கலுக்கு ஒன்றைக் கழி. பதிமூன்று வாரம், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் 234 மணி நேரம். எட்டு பேப்பருக்குப் பிரித்தால் பேப்பருக்கு முப்பது மணி நேரம் போல வரும். அஞ்சல் வழிப் பாடம் ஒன்றை இரண்டு முறை படித்து, பழைய கேள்வித்தாள் நாலைந்தை எழுதிப் பார்க்க அது தாராளம். ஏ வாரத்தில் கிடைப்பதெல்லாம் மேல் வரும்படி. 

பார்ட் டைம் எம்.இ. படிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் பார்ட் டைம் வகுப்பு சாயங்காலம் நடக்கும், ஆறு செமஸ்டர். பி ஷிஃப்ட் வாரத்தில் வகுப்புக்கு எப்படிப் போவாய்? வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகப் போகும் கடற்கரை ரயிலைப் பிடித்தாலும் சும்மா போகிற தூரமா அது? ஆகவே சேர்வதற்கு முன்பே நிரந்தர ஜெனரல் ஷிஃப்ட்டோ ஏ ஷிஃப்ட்டோ கிடைக்குமா என்று கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள். கிடைக்காது என்றால் அந்த ஆசையை இரண்டு வருஷம் தள்ளி வை. சேர்ந்துவிட்டு வருகைப் பதிவில் மாட்டிக்கொள்வதைவிட அது மேல்.

ஓவர்டைம், அதாவது ஓ.டி., பற்றிக் கேட்பாய். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டி, அதற்குமேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்றது. இரட்டைச் சம்பளம் என்றால் கை நீளத்தான் செய்யும். ஃபீஸ் கட்டப் பணம் வேண்டாமா? வேண்டும். ஆனால் ஓ.டி. பார்த்த வாரத்தில் படிப்பு கிடையாது என்று ஒத்துக்கொண்டு பார். பரீட்சை முடிந்த ஆடி, ஆவணியில் ஓ.டி. பார்த்து வருஷத்து ஃபீஸைச் சேர்த்துவிடுகிறவன் கெட்டிக்காரன். 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்த மசோதா நிறைவேறியது. மூன்று நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக முதலமைச்சர் அறிவித்தார். அப்போது ஒரு பையன் என்னிடம், “நாலு நாள் வேலை, மூன்று நாள் லீவு கிடைத்தால் படிக்க வசதிதானே?” என்று கேட்டான். பன்னிரண்டு மணி நேரம் லைனில் நின்று, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த உடம்பு, லீவின் முதல் நாளைத் தூங்கியே தீர்த்துவிடும். சித்திரை மாசத்தில் இரண்டாவது நாளையும் தீர்த்துவிடும்.

சித்திரை என்று வந்துவிட்டதால் வெயிலுக்குப் போவோம். சென்னைக்காரர்கள் வெயில் என்று அலுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு மதியத்துக்குப் பிறகு கடற்காற்று வந்துவிடும். அது நிலத்தைத் தாண்டி ஒரகடம், வாலாஜாபாத் வந்து சேரச் சாயங்காலமாகும். மேற்குக் காற்று ஓங்கிய நாளில் வரவே வராது. கத்திரி வெயில் மே நாலாம் தேதி வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் என்று காலண்டரில் போட்டிருக்கும். அதை நம்பி ஏமாறாதே. சென்னையில் 45 டிகிரி பதிவான 2003-ஆம் வருஷத்து நாள், கத்திரி கழிந்த பிறகு வந்த மே 31.

இதில் படிப்புக்கு என்ன சிக்கல் என்றால், பரீட்சையும் அதே சமயத்தில்தான் வரும். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஜூன், டிசம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு பரீட்சை. ஜூன் பரீட்சைக்குப் பிள்ளைகள் மே மாதம்தான் புத்தகத்தைப் பிரிப்பார்கள். அந்த மாதத்தில் உடம்பில் இருக்கும் தெம்பெல்லாம் வேர்வையாகப் போய்க்கொண்டிருக்கும். இது ஏரி மாவட்டம். ஏரிப் பாசனத்துக்காரன் மழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் நடுவான், காய்ந்த சித்திரையில் நாற்றுப் பாவ மாட்டான். அதுபோல நம் பக்கத்தில் படிப்புக்குப் பட்டம் ஐப்பசி முதல் மாசி வரை. வெயில் தணிந்து, இரவில் போர்வை கேட்கும் அந்த ஐந்து மாதத்தில் புதுப் பாடம் எல்லாவற்றையும் முடித்துவிடு. ஜூனில் எழுத வேண்டிய பேப்பரையும் பங்குனிக்குள் ஒரு முறை முடித்து, குறிப்பு எழுதி வைத்துவிடு. மே மாதத்தில் அந்தக் குறிப்பை மட்டும் பார்.

அதுவும் முடியவில்லையா? இரண்டு பேப்பரை டிசம்பருக்குத் தள்ளு. இரண்டு வருஷ எம்.ஏ., எம்.காம். படிப்பை முடிக்க இக்னோ நாலு வருஷம் வரை அவகாசம் தருகிறது. அந்த அவகாசம் சோம்பேறிக்கு வைத்ததில்லை, உன்னை மாதிரி ஆளுக்கு வைத்தது. மூன்று வருஷத்தில் முடித்தவனை யாரும் இன்டர்வியூவில் ஏன் ஒரு வருஷம் அதிகம் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. வேலை பார்த்துக்கொண்டே படித்தேன் என்று நீ சொன்னால் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

பகல் தூக்கத்துக்கு ஓர் ஏற்பாடு வேண்டும். தூங்கப்போகும்போது உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும், இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும். அறை கொதித்தால் இறங்காது. தகர ஷீட், கல்நார் ஷீட் அறையென்றால் ஷீட்டுக்கு மேலே தென்னங்கீற்று போடு. தளம் போட்ட வீடு என்றால் மொட்டை மாடிக்குப் பங்குனியிலேயே வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடிக்கச் சொல்லு. வீட்டுக்காரர் மாட்டேன் என்றால் நாலு பேர் சேர்ந்து செலவைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், ஏ.சி. தவணையைவிட இது மலிவு. சிமெண்டுத் தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவில்தான் கீழே இறக்கும். பொழுது சாய்ந்ததும் தண்ணீர் தெளித்தால் அந்த இரவு தப்பிக்கலாம். சி ஷிஃப்ட் முடித்து வந்தால் ஏழரைக்குள் படுத்துவிடு. காலை ஏழரை முதல் பதினொன்றரை வரை உள்ள நாலு மணி நேரம்தான் அந்த அறை தூங்க விடும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்குக் கனமான பழைய போர்வையைக் கட்டு. கிழக்கு ஜன்னலைப் படுக்கும் முன்பே மூடு. ஈரத் துண்டை உடம்பில் போட்டுக்கொண்டு ஃபேனைக் கீழே வை. சாயங்காலம் ஏழு மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் தூங்கு. இரண்டு தவணைத் தூக்கம் தூக்கமே இல்லை என்று யார் சொன்னாலும் கேட்காதே.

ஹாஸ்டலில் இருக்கும் பெண்களுக்கு இது இன்னும் கஷ்டம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பேர் தங்கும் அளவுக்கு அரசு கட்டிய விடுதி திறந்தது, நல்ல காரியம். ஆனால் எந்த விடுதியானாலும் ஒரே அறையில் ஏ ஷிஃப்ட்டும் சி ஷிஃப்ட்டும் கலந்து இருந்தால் ஒருத்தி தூங்கும்போது இன்னொருத்தி தலை வாரிக்கொண்டிருப்பாள். ஒரே ஷிஃப்ட் பெண்களை ஓர் அறையில் போடச் சொல்லி எல்லோருமாகச் சேர்ந்து வார்டனிடம் கேளுங்கம்மா. நாலு பேர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் போதும். படிக்க ஒரு மேஜை, ஒரு விளக்கு, அதையும் அதே தாளில் எழுதிக் கேளுங்கள்.

லைனில் தண்ணீர் விஷயம். பாதிப் பேர், முக்கியமாகப் பெண்கள், ஷிஃப்ட் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. தண்ணீர் இல்லாமல் இல்லை. 250 பேருக்குமேல் வேலை செய்யும் இடத்தில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் வைக்க வேண்டும் என்று அந்த 1948 சட்டமே சொன்னது. டிஸ்பென்சர் பத்தடியில் நிற்கும். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போக வேண்டுமென்றால் ரிலீவர் வந்து நிற்க வேண்டும், ரிலீவர் வருவதற்குள் லைன் லீடர் முகம் சுண்டிவிடும். இதற்குப் பயந்து எட்டு மணி நேரம் நாக்கை வறட்சியாகவே வைத்துக்கொள்கிறார்கள். போரூர் ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தில் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் உப்பளம் முதலான வேலையிடங்களில் வெப்பத்தை அளந்து பல வருஷமாக ஆராய்ச்சி செய்கிறார்கள். வெப்பமும் நீர்ச்சத்துக் குறைவும் தொழிலாளியின் சிறுநீரகத்தைப் பாதிப்பதை அவர்கள் ஆய்வு காட்டுகிறது. லைன் லீடர் முகம் சுண்டினால் சுண்டட்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் நீ குடித்தது போதவில்லை.

வெல்டிங், ஃபவுண்டரி, பெயின்ட் ஷாப் அடுப்புப் பக்கம் நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் சேர்ந்து போகிறது. மோரில் உப்புப் போட்டுக் குடி. காலையில் நீராகாரமோ கேழ்வரகுக் கூழோ குடித்துவிட்டுப் போ. தலை சுற்றினால் ஓ.ஆர்.எஸ். பவுடரைப் பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் கலக்கு, குத்துமதிப்பாகக் கலக்காதே. அட்டை டப்பாவில் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்ற சர்க்கரைத் தண்ணீரை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானத்துக்கு அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் வரும் ஆபத்து ஒன்று உண்டு. யாரும் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். வெயிலில் வேலை செய்யப் பழக உடம்புக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். அந்தப் பழக்கம் ஒரு வாரம் விலகி இருந்தாலே குறையத் தொடங்கும். நீ ஜூன் பரீட்சைக்குப் பத்து நாள் லீவு போட்டு, வீட்டில் ஃபேனடியில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் படித்து, கடைசிப் பேப்பர் எழுதிய மறுநாள் நேராகப் பிரஸ் ஷாப்புக்குப் போய் நிற்பாய். தூக்கம் பாக்கி, வெயில் பழக்கம் போய்விட்டது, லீவு போட்ட குற்ற உணர்ச்சியில் வேறு இரண்டு மடங்கு வேகமாக ஓடுவாய். திரும்பி வந்த அந்த முதல் மூன்று நாள்தான் ஆள் விழுகிற நாள். முதல் இரண்டு நாள் மேன் கூலர் காற்று படும் இடத்தில் போடச் சொல்லிக் கேள். பக்கத்தில் நிற்பவனிடம் என்னை ஒரு பார்வை பார்த்துக்கொள் என்று சொல்லி வை. பேச்சுக் குழறினாலோ, சம்பந்தமில்லாமல் உளறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்பவாதம். 108-க்கு அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வைக்கலாம். நினைவில்லாதவன் வாயில் சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது. வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பணம் யாருக்கு வேண்டும்?

பரீட்சை வாரத்தில் சி ஷிஃப்ட் முடித்துவிட்டு பைக்கில் வராதே. ஒரகடம் சாலையில் காலை ஆறரைக்குக் கன்டெய்னர் லாரி வரிசையாக நிற்கும். கம்பெனி பஸ்ஸில் ஏறித் தூங்கு. படிக்கிறேன் பேர்வழி என்று பஸ்ஸில் புத்தகத்தையும் பிரிக்காதே.

ராமானுஜன் கதையில் நமக்கு ஒத்துவரும் ஒரு பகுதி இருக்கிறது. துறைமுகத்தில் அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயர் என்ற அதிகாரிக்கு இந்தப் பிள்ளை என்ன செய்கிறான் என்று தெரியும். அவருக்கும் மேலே தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குக்கும் தெரியும். அவர்கள் பரிந்து பேசியதில் 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. நம் பிள்ளைகள் படிப்பதையே ஒளித்து வைக்கிறார்கள். படித்தால் வேலையை விட்டுப் போய்விடுவான் என்று சூப்பர்வைசர் நினைப்பாராம். சிலர் நினைப்பார்கள்தான். எல்லோரிடமும் சொல்ல வேண்டாம். மேலே இருப்பவர்களில் நல்ல மனசுக்காரர் ஒருவரைப் பார்த்து, அவரிடம் மட்டும் சொல். பரீட்சைத் தேதி வந்த அன்றைக்கே ஹால் டிக்கெட் நகலோடு லீவு கேள். முந்தின நாள் கேட்டால் மேன்பவர் இல்லை என்பார், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். கான்ட்ராக்ட்டில், டிரெய்னியாக இருப்பவர்களுக்கு இந்த லீவுகூடச் சம்பளம் பிடித்துத்தான் கிடைக்கும். ஃபீஸ் கணக்கு போடும்போதே அந்தச் சம்பளத்தையும் சேர்த்துப் போடு.

பணம் கட்டுவதற்குமுன் ஒரு சோதனை. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்த வருஷம், அந்தப் படிப்புக்கு தொலைதூரக் கல்வி அனுமதி உண்டா என்று யு.ஜி.சி. பட்டியலில் நீயே பார். பஸ் ஸ்டாண்டு பக்கம் போர்டு மாட்டிய சென்டர்காரர் சொல்லை நம்பாதே. பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம் இதெல்லாம் தொலைதூரத்தில் கிடையாது. தொலைதூரத்தில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் விஷயத்தில் 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது எத்தனை பேர் தலையில் கை வைத்தார்கள் தெரியுமா? இக்னோ, 2002-இல் தொடங்கிய நம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அண்ணாமலை, சென்னைப் பல்கலைக்கழகம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த இடங்கள்தான். அங்கேயும் நீ சேரப்போகும் படிப்பின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டு.

சேர்வது ஜூலையிலா, ஜனவரியிலா என்று கேட்டால், இக்னோ செமஸ்டர் படிப்புக்கு ஜூலை. ஜனவரியில் சேர்ந்தால் முதல் பரீட்சை ஜூனில் வந்து நிற்கும், புத்தகம் கைக்கு வருவதற்குள் மாசி முடிந்திருக்கும். ஜூலையில் சேர்ந்தால் டிசம்பரில் எழுதலாம். புத்தகம் தாமதமாக வந்தாலும் ஐப்பசி, கார்த்திகை பி ஷிஃப்ட் வாரங்கள் கையில் இருக்கும். மழையில் கரண்ட் போகும், ஒரு சார்ஜ் விளக்கு வாங்கி வைத்துக்கொள்.